வண்ணத்தாளில் வெட்டிய சமயம்

உயர்நிலைப் பள்ளிகளில் சமயங்களைக் கற்பிக்க இன்று முன்வைக்கப்படும் 'படைப்பூக்க' வழிகளைப் பாருங்கள். தீபாவளிக்குக் கோலம், கிறிஸ்துமசுக்கு நட்சத்திரம், ரம்ஜானுக்கு வண்ணத்தாளில் வெட்டிய பிறை. இவை கைவேலை, கல்வி அல்ல. ஒரு கேள்வியும் எழாமலே மாணவர் வீடு திரும்புகிறார்.

இதற்கு மேல் சென்றால் அரசியலமைப்பு தடுக்கும் என்பர் சிலர். முற்றிலும் அரசு நிதியில் இயங்கும் நிறுவனங்களில் சமயப் போதனையைத்தான் 28ஆம் உறுப்பு விலக்குகிறது. சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதற்கு அத்தடை இல்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. 'பற்றி' என்னும் சொல்லே இங்கு எல்லைக்கோடு.

அக்கோட்டுக்குள் என்ன செய்யலாம்? நான் வசிக்கும் பவானிபூரின் பேச்சிலேயே பாடம் இருக்கிறது. தண்ணீரை வங்காளி இந்துக்கள் 'ஜொல்' என்பர். வங்காளி முஸ்லிம்கள் பெரும்பாலும் 'பானி' என்பர். அந்த ஒரு சொல்லே ஒரு சிறுமியை வகுப்பில் அயலாளாக்கிவிடக்கூடும். ஆனால் 'ஜொல்'லைப் போலவே 'பானி'யும் வடமொழி வழி வந்ததே; அதன் மூலம் 'பானீய'. இதை ஆசிரியர் சொல்ல வேண்டாம்; மாணவரே அகராதியில் கண்டறியட்டும்.

தமிழ்நாட்டில் 'பள்ளி' போதும். சமண முனிவரின் உறைவிடம், முஸ்லிம்களின் தொழுகையிடம், மாணவர் பயிலும் இடம் ஆகிய மூன்றுக்கும் அப்பெயர் எவ்வாறு வந்தது?

இதற்குப் பணம் வேண்டாம். ஆசிரியருக்குத் துணிவும் பயிற்சியும் வேண்டும். கல்வியியல் பாடத்திட்டம் வகுப்போர் அதைத் தர மறுத்துவிட்டு, வண்ணத்தாளை நல்லிணக்கம் என்று அழைப்பதை இனியேனும் நிறுத்த வேண்டும்.