பொய்ப் படம் மெய்த் துயரை மறைக்கும்



2006ஆம் ஆண்டுப் போரில், இஸ்ரேலியத் தாக்குதல்களால் லெபனானில் 1,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது ராய்ட்டர்ஸ் வெளியிட்ட பெய்ரூத் படமொன்றில், குண்டுவீச்சில் எழுந்த புகை கணினியில் நகலெடுத்துப் பெருக்கப்பட்டிருந்தது. இது வெளிப்பட்டதும், அந்நிறுவனம் அதனை எடுத்தவரின் 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது.

குண்டுகள் மெய், இடிபாடுகள் மெய், மாண்ட குழந்தைகளும் மெய். ஆயினும் அந்தப் பொய்ப் புகையைக் காட்டியே, மற்றப் படங்களும் ஐயத்துக்குரியவை எனப் பலர் வாதிட்டனர்.

'அநீதிக்குள்ளானோருக்காகத்தானே செய்தோம்' என்னும் சமாதானம் இங்கே செல்லாது. வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:6) பணிக்கிறது. நமக்கே பாதகமாயினும் நீதியுடன் சாட்சி கூறுமாறு அந்நிஸா அத்தியாயம் (4:135) கட்டளையிடுகிறது. படமும் ஒரு சாட்சியமே. அதைத் திரிப்பவரும், ஆராயாமல் பகிர்பவரும் பாதிக்கப்பட்டோரின் வழக்கையே பலவீனப்படுத்துகின்றனர்.

ஆகவே, ஒரு படம் நம் கைப்பேசிக்கு வந்தால், அது எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என வினவுவோம். விடை கிடைக்காவிடில், அது நம் தரப்புக்குச் சாதகமாயினும் பகிராதிருப்போம். வல்ல அல்லாஹ் நம்மை உண்மையாளர்களுடன் சேர்த்தருள்வானாக!