அறிவிப்புப் பலகை மாறலாம். அறிவிக்கும் மொழி மாறலாகாது!

கடலூர்த் துறைமுகத்தில் புயற்கூண்டு ஏற்றப்பட்டால், தேவனாம்பட்டினத்து மீனவர்க்கு அதன் பொருளை எவரும் மொழிபெயர்த்துக் கூற வேண்டுவதில்லை. கூண்டின் எண்ணைக் கண்ட அளவிலேயே, படகைக் கடலில் இறக்குவதா, கரையேற்றிக் கட்டுவதா என அவர் முடிவு செய்துவிடுகின்றார். அறிவிப்பின் இலக்கணம் அதுவே. எவருக்காக அறிவிக்கப்படுகின்றதோ, அவருக்கு அந்நொடியே அது விளங்குதல் வேண்டும். விளங்காத அறிவிப்பு, கடமை முடிந்தது எனக் கோப்பில் எழுதிக் காட்டவே பயன்படும்.

இற்றை நாளில் அக்கூண்டின் பணியில் பெரும்பகுதி கைப்பேசித் திரைக்கு வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், 2021-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பெற்ற கடலூரும், சிதம்பரம் நகராட்சியும் போன்ற ஆட்சியமைப்புகள் வலைத்தளத்தாலும், முகநூலாலும், வாட்சப் எனும் புலனத்தாலும் மக்களை நாடும் காலம் இது. வரி செலுத்துவதும், பிறப்பு இறப்புச் சான்று பெறுவதும், குறை முறையிடுவதும் இணைய வழியே நடைபெறுகின்றன. எனவே அத்தளங்களை எவர் நடத்துகின்றார், எம்மொழியில் நடத்துகின்றார் என்னும் வினா, வெறும் அலுவலக ஏற்பாட்டைப் பற்றியதன்று. மக்கள் உயிரைப் பற்றியதுமாகும்.

தமிழர்களே, எண்ணிப் பாருங்கள்! 2004-இல் ஆழிப்பேரலை, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருமழை வெள்ளம். 2024 திசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழையால் நிரம்பிய சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலக்கம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பெற்றது. அவ்வாறு கடலொடு கலக்கும் கடலூர்ப் பகுதியில் கரையூர்கள் நீரில் மூழ்கின. முன்னறிவிப்புப் போதுமானதா என ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் சொற்போர் மூண்டது. அதில் ஒரு பக்கம் சாய்வது நம் நோக்கமில்லை. அணை திறந்த நீர் கடலூரை வந்தடையுமுன் சில மணி நேரம் உண்டு. உயிரைக் காக்கக் கிடைப்பது அந்நேரமே. அப்பொழுது ஆற்றங்கரை முதியவர் கைக்கு, "உபரிநீர் டிஸ்சார்ஜ் இத்தனை கியூசெக்" என்னும் செய்தி வந்து என்ன பயன்? "ஆற்றில் வெள்ளம் வருகின்றது, மாலை ஆறு மணிக்குள் இன்ன தெருவினர் மேட்டுப் பள்ளிக்குச் செல்க" என வந்தாலன்றோ அவர் எழுந்து நடப்பார்? கொள்ளிடம் பெருகுங்கால் சிதம்பரத்தை அடுத்த கரையூர்களின் நிலையும் இதுவே.

நாம் புதிதாக எதனையும் வேண்டவில்லை. தமிழே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டது 1956-இல். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, ஒவ்வோர் அலுவலகமும் பதினேழு வகைச் செய்திகளை எவரும் கேளாமலே வெளியிடல் வேண்டும் என்கின்றது. அவ்வாறு பரப்புங்கால் அவ்விடத்து மொழியைக் கருத்திற் கொள்ளவேண்டும் எனவும் அதே நான்காம் பிரிவு கூறுகின்றது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அவ்விடத்து மொழி எதுவென ஆய்வுக்குழு அமைத்தா கண்டறிதல் வேண்டும்?

"மாவட்டத் தளத்தில் தமிழ்ப் பக்கமும் உள்ளதே" எனச் சிலர் கூறுவர். உள்ளது, அதனை வரவேற்கின்றோம். ஆயினும் தமிழ்ப் பக்கம் இருப்பது வேறு. தமிழிலே தளம் நடப்பது வேறு. ஆங்கிலத்தில் எழுதி, பொறியிடம் கொடுத்துப் பெயர்த்து, எவரும் படித்துப் பாராமல் ஏற்றுவது தமிழாட்சி ஆகாது. தாளில் அச்சிட்ட தமிழறிவிப்பைப் படமாக்கி ஒட்டுவதும் போதாது. அதனைத் தேடிக் காண்பதும் அரிது. பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அதில் இடறும்.

கருவியில்லை என்னும் சாக்கும் இனிச் செல்லாது. 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது. வலைமுகவரியையே ".இந்தியா" எனத் தமிழெழுத்தில் முடிக்கலாம். ஆளில்லை என்பதோ அதனினும் நகைப்பிற்குரியது. 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிலைபெற்றுள்ள மண் இது! தமிழும் கணினியும் கற்ற இளைஞர்க்கு இங்குப் பஞ்சமா?

சோழர் காலத்தில், ஊரவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் நெறியை உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் 919-இலும் 921-இலும் வெட்டி வைத்தனர். மக்கள் கூடும் இடமே அறிவிப்பிற்கு ஏற்ற இடம் என்பதை அவர் உணர்ந்திருந்தனர். இன்று மக்கள் கூடும் சுவர் கைப்பேசித் திரை.

ஆகவே நாம் வலியுறுத்துவன இவை: எவ்வறிவிப்பும் முதலில் தமிழிலேயே எழுதப்பெறல் வேண்டும், ஆங்கிலம் வேண்டுமாயின் அதன்பின் வரட்டும். அறிவிப்பில் நாளும் நேரமும், பொறுப்பான அலுவலர் பதவியும் இருத்தல் வேண்டும். காலங்கடந்தவை அன்றன்றே அகற்றப்பெறல் வேண்டும். புலனத்திலும் முகநூலிலும் மக்கள் தமிழில் கேட்கும் வினாவிற்குத் தமிழில் விடை தரல் வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. உங்கள் நகராட்சிக்கு எழுதும் முறையீட்டை நல்ல தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் விடை வரின், தமிழில் தருக எனத் திருப்பிக் கேளுங்கள். நன்கு செய்யும் அலுவலரைப் பாராட்டி ஒருவரி எழுதவும் தவறாதீர்கள். அடுத்த மழைக்காலம் தொலைவில் இல்லை. ஆற்றில் வெள்ளம் வருமுன் அலுவலகத் திரையில் தமிழ் வரட்டும்!