பத்தியம் யாருக்கு?

மீன் இல்லாத ஞாயிறு எங்கள் வீட்டில் ஞாயிறே அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து கொல்கத்தா வந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கம் மாறவில்லை. சென்ற வாரம் லேக் மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது, கனடா நாட்டுப் பழங்குடியினர் மீன் தின்று நோயாளிகளான கதையை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "நஞ்சு என்று தெரிந்த பிறகு ஏன் சார் தின்ன வேண்டும்? விட்டுவிட வேண்டியதுதானே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஒன்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில் உள்ளது கிராசி நேரோஸ். அனிஷினாபே பழங்குடி மக்களின் ஊர். ஆற்றின் மேற்புறத்தில், டிரைடன் நகரில் ஒரு காகித ஆலை. காகிதக் கூழை வெளுக்கக் குளோரின் தயாரித்த அதன் தொழிற்சாலை, 1962 முதல் 1970 வரை சுமார் 9,000 கிலோ பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் கலந்தது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றின. சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன நஞ்சு சேர்ந்துகொண்டே போகும். அதற்கு ருசியும் இல்லை, வாடையும் இல்லை. சதையோடு ஒட்டியிருப்பதால் எத்தனை முறை அலசினாலும், மஞ்சளும் புளியும் போட்டுக் கொதிக்க வைத்தாலும் போகாது.

கை கால் மரத்துப்போயின, நடை தள்ளாடியது, பார்வை குறுகியது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோயை ஆராய்ந்த டாக்டர் மசசுமி ஹராடா, 1975-இல் கிராசி நேரோஸுக்கு வந்து மக்களைப் பரிசோதித்தார். அங்கே பார்த்த அறிகுறிகளையே இங்கேயும் கண்டார்.

1970-இல் மீன் வியாபாரம் நிறுத்தப்பட்டது. மீன் பிடித்து விற்றவர்களும், மீன்பிடிக்க வரும் சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டிகளாக இருந்தவர்களும் பிழைப்பை இழந்தார்கள். நமக்கு ஒரு மீன் சரியில்லை என்றால் பக்கத்துக் கடையில் வேறு மீன் கிடைக்கும். அவர்களுக்கோ அந்த ஆறுதான் கடை, அதுதான் வேலை, பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பள்ளியும் அதுதான்.

எச்சரிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றிலிருக்கும் சிசுவின் மூளையையே தாக்கும் நஞ்சு அது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அத்தகைய மீனைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஆனால் "தின்னாதே" என்று சொன்னதோடு கடமை முடிந்ததா? 1985-இல் நஷ்டஈட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆற்றைச் சுத்தம் செய்ய 8.5 கோடி டாலர் தருவதாக மாநில அரசு அறிவித்ததோ 2017-இல்தான். மீன்பிடிப்பை நிறுத்தி அதற்குள் 47 ஆண்டுகள் ஓடிவிட்டன! ஆற்றைக் கெடுத்தவன் ஒருவன், பத்தியம் இருப்பவன் இன்னொருவன் என்றால் இது என்ன நியாயம்?

ஆகவே நண்பரே, தின்றவனைப் பார்த்து "ஏன் தின்றாய்?" என்று கேட்கும் முன், கொட்டியவனைப் பார்த்து "எப்போது அள்ளப் போகிறாய்?" என்று கேளுங்கள்.