மாசியில் வேலியை வெட்டாதீர்கள்

‘வசந்தம் வருமுன் மரங்களையும் வேலியையும் கத்தரித்து விடுங்கள்’ என்ற அறிவுரை தோட்டக்கலை நூல்களிலும் காணொளிகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. குளிர்நாட்டுத் தோட்டத்துக்கு அது பொருந்தும். கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் நடுவே மணல்திட்டாகக் கிடக்கும் உச்சமுனைக்குப் பொருந்தாது. அந்த அறிவுரைக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘தை, மாசியில் மரம் உறங்குகிறது, வெட்டினால் நோகாது’

அப்பிளும் ரோஜாவும் பனிக்காலத்தில் உறங்குவது உண்மை. குளிர் நெருங்கும்போது அவை உணவை வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்து இலையை உதிர்க்கின்றன. பனி விலகியதும் சேமித்த உணவைக் கொண்டு ஒரே மூச்சில் துளிர்க்கின்றன. அந்தத் துளிர்ப்புக்குச் சற்று முன் வெட்டினால் காயம் விரைவில் ஆறும்.

நம் கரை நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை சொச்சம்தான் வடக்கே. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வித்தியாசம். மரத்தை உறங்கவைக்கும் குளிர் இங்கே எந்த மாதத்திலும் இல்லை. தை, மாசியில் கிளிசெரியா இலை உதிர்த்துப் பூக்கிறதே என்று கேட்கலாம். அது தண்ணீர்த் தட்டுப்பாட்டின் அடையாளம். கிணற்றடியில் ஈரம் குடித்து நிற்கும் கிளிசெரியா அப்போதும் பச்சையாகவே இருக்கும்.

வெப்பநாட்டில் துளிர்ப்பை நடத்துவது நீரும் வெட்டும் என்பதற்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கே சான்று. ஐரோப்பாவில் பனிக்கால இறுதியில் ஒருமுறை கத்தரிக்கப்படும் திராட்சையை அங்கே மார்கழி, தையில் ஒருமுறையும் வைகாசி, ஆனியில் மறுமுறையும் வெட்டி, ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கிறார்கள். பாய்ச்ச நீர் இருப்பதால் அது நடக்கிறது.

‘இப்போது வெட்டினால் சித்திரையில் வேலி செழிக்கும்’

செழிக்க ஈரம் வேண்டும். நமது பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை. மாசி, பங்குனி வறண்டவை. மணலோ நீரைப் பிடித்துவைக்காது. அந்த நாட்களில் மொட்டையடிக்கப்பட்ட கிளுவையும் பூவரசும் கையிருப்பு உணவைச் செலவழித்துத்தான் தளிர் விட வேண்டும். சித்திரையில் இடைமழை கொஞ்சம் கிடைக்கும். அதை நம்பி வந்த தளிர் முற்றுமுன்பே வைகாசியில் சோளகக் காற்று தொடங்கிவிடும்.

அந்தக் காற்றின் வலிமையை அறியாதவர்கள் நாமல்ல. மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகளைச் சுழற்றுவதும், கல்பிட்டிக்கு வெளிநாட்டுப் பட்டச் சறுக்கு வீரர்களை வரவழைப்பதும் அதே காற்றுதான். உப்புத் துளியோடும் மணலோடும் அது வீசும்போது இளந்தளிர் கருகும். வேலியின் முதல் வேலை மிளகாய், வெங்காயப் பாத்திகளைக் காப்பது. காவல் மிகத் தேவைப்படும் மாதங்களில் அதை மெலிவித்து நிறுத்துவது தோட்டக்காரர் தனக்கே இழைக்கும் கேடு.

அடர்வெட்டுக்கு ஏற்ற காலம் புரட்டாதிக் கடைசியும் ஐப்பசித் தொடக்கமும். சோளகம் ஓய்ந்திருக்கும், மழை எதிரே நிற்கும். வெட்டிய கிளிசெரியாத் தழை பாத்திக்குப் பசளையாகும். தடித்த கொப்புகளைக் கதியாலாக நட்டால் மாரி ஈரத்தில் வேர்விடும். மாரிகாலப் புயலுக்கு முன் மரத்தின் பாரமும் குறையும்.

‘எந்த மரமானாலும் இதுதான் மாதம்’

மா, முற்றிய நுனிக்கொப்பில் பூக்கும். தை, மாசியில் அதை நறுக்கினால் அந்த ஆண்டின் காயைத்தான் நறுக்குகிறோம். காய் பறித்து முடித்தபின் வெட்டுவதே முறை.

தென்னையை ‘ஒழுங்குபடுத்த’ வேண்டியதே இல்லை. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை உண்டு. பச்சை மட்டையை வெட்டினால் காய்ப்புக் குறையும். வெட்டுக்காயத்தின் வாசனை சிவப்புக் கூன்வண்டையும் அழைக்கும். காய்ந்து தொங்கும் மட்டையை மட்டும் எடுத்தால் போதும்.

களப்போரம் முட்டுவேர் ஊன்றி நிற்கும் கண்டலுக்கு எந்த மாதமும் பொருந்தாது. அதன் முதிர்ந்த கிளையை வெட்டினால் அந்த இடத்தில் மறுதுளிர் வராது. கண்ணா என்னும் மற்றொரு களப்போர மரம் துளிர்ப்பதைப் பார்த்துக் கண்டலும் துளிர்க்கும் என்று எண்ணுவது தவறு. இறாலும் மீன்குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்குள். படகுத்துறை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைக் கழித்தால் நட்டம் வலையில் தெரியும்.

‘பெருநாளுக்கு முன் வளவு துப்புரவாக வேண்டாமா?’

வேண்டும். புத்தாண்டுக்கோ உயிர்த்த ஞாயிறுக்கோ முற்றத்தை அழகாக்குவது நல்ல வழக்கம். பட்ட கொப்பையும் முறிந்த கிளையையும் நோய் கண்ட பகுதியையும் எந்த நாளும் வெட்டலாம். கூரையை உரசும் கிளையை எடுக்கலாம். வேலியில் பாதையை மறிக்கும் நுனிகளைக் கிள்ளலாம். உயிருள்ள மரத்தை அடியோடு மொட்டையடிப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

வேறொரு நாட்டின் பனியை வைத்து எழுதிய நாட்காட்டியைப் பார்த்து நம் மரத்தில் கத்தி வைக்காதீர்கள். காற்று ஓய்ந்து மழை நெருங்கும் வரை பொறுத்திருந்து வேலியை வெட்டுங்கள். மாவைக் காய் பறித்தபின் வெட்டுங்கள். கண்டலை வெட்டவே வேண்டாம்.