விலை குறைந்த ஒயினுக்குச் சலுகை இல்லை

ஆரணியில் பழைய அரிசிக்குத் தனி மதிப்பு உண்டு. ஓராண்டு இருப்பில் கிடந்த அரிசி குழையாமல் உதிரியாக வேகும் என்பது ஆலைக்காரர் முதல் இல்லத்தரசி வரை அறிந்த கணக்கு. அதே கணக்கைச் சிவப்பு ஒயினுக்கும் போடுவோரை நான் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் தவறு. துவர்ப்பும் புளிப்பும் மிகுந்த சில ஒயின்களே ஆண்டுக்கணக்கில் மெருகேறும். அவற்றுக்கும் இருளும், 12 முதல் 15 டிகிரி வரையிலான சீரான குளிர்ச்சியும் வேண்டும். கோடையில் 40 டிகிரியை ஒட்டும் ஊரில், பட்டுப்புடவையோடு பீரோவில் வைத்த புட்டி சில ஆண்டுகளில் சுவையிழந்துவிடும். ஆகவே நமக்குக் கட்டுப்படியாகும் ஒயின் என்பது வாங்கிய சில மாதங்களில் அருந்த வேண்டியது. அது எங்கே கிடைக்கிறது என்பது ருசியைவிட வரியைச் சார்ந்த கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியத்துடனான வர்த்தகப் பேச்சு 2026 ஜனவரியில் நிறைவுற்றதும், வெளிநாட்டு ஒயின் மலிவாகிவிடும் என்ற பேச்சு எழுந்தது. 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தை நினைவுகூர்வது நல்லது. அதில் 15 டாலருக்கு மேற்பட்ட புட்டிக்கு இறக்குமதி வரி 150 சதவீதத்திலிருந்து 75 ஆகவும், 5 டாலருக்கு மேற்பட்டதற்கு 100 ஆகவும் உடனே குறைந்தது. பத்தாண்டுகளில் இவை முறையே 25, 50 என இறங்கும். 5 டாலருக்குக் குறைந்த புட்டிக்குச் சலுகையே இல்லை. உள்நாட்டு உற்பத்தியாளரைக் காக்கும் ஏற்பாடு என்பது புரிகிறது. ஆனால் அதிகம் செலவழிப்பவருக்கே அதிகத் தள்ளுபடி என்பதுதான் அதன் விளைவு.

சுங்கத்தைத் தாண்டினாலும் மாநில வரி காத்திருக்கிறது. மனிதர் அருந்தும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது. தமிழகத்தில் 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். அலமாரியில் இருப்பதுதான் தேர்வு. (மதுவிலக்கு கேட்போருடன் எனக்குச் சண்டை இல்லை, விற்பது என்றான பின் எதை விற்கிறோம் என்பதே என் கேள்வி.) பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், ஒயினில் பொதுவாக 12 முதல் 14. ஆல்கஹாலின் அளவுக்கேற்ப வரி விதித்தால், மென்மையானது தானாகவே மலிவாகும்.

இதில் கம்பம் பள்ளத்தாக்குக்கும் பங்கு உண்டு. அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. நேரடியாக உண்பதற்கும், பழச்சாறுக்கும், மென்மையான ஒயினுக்கும் ஏற்றது. நீண்ட கால இருப்புக்கான கனத்த சிவப்பு ஒயினை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் இளமையிலேயே அருந்துவதுதானே நம் தேவை? மகாராஷ்டிரம் 2001இலேயே திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனக் கொள்கை வகுத்தது. நாசிக் அதனால் வளர்ந்தது. வரத்து மிகும் நாளில் சந்தை சொன்ன விலைக்குப் பழத்தைத் தள்ளிவிடும் தேனி விவசாயிக்கு, வடிசாலை இன்னொரு கொள்முதல் வாசலாக இருக்கும்.

அதுவரை, நாசிக்கிலும் நந்தி மலைப் பகுதியிலும் வடிக்கப்படும் ஷிராஸ்தான் சராசரி வருவாய்க்காரருக்கு நான் சொல்லக்கூடியது. புட்டியில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். ஆகப் பழையதை விடுத்து ஆகப் புதியதைக் கேளுங்கள். வெயில் படும் அலமாரியில் நிற்பதைத் தொடாதீர்கள்.