திருடனுக்கு வேகம் எதற்கு?

நம் ஜனங்களிடம் ஒரு விசித்திரமான நியாயம் இருக்கிறது. ஒரு வீட்டில் களவு போனால், களவாடியவனை விட்டுவிட்டுக் களவு கொடுத்தவனை முதலில் கூண்டில் ஏற்றுவார்கள். "அத்தனை நகையை யார் போட்டுக்கொண்டு திரியச் சொன்னது?" என்பார்கள். "பணத்தைப் பாங்கியில் போடாமல் பீரோவில் ஏன் வைத்தான்?" என்பார்கள். திருடனைப் பற்றிக் கேட்டால், "அவன் திருடன்தானே, திருடத்தான் செய்வான்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவார்கள்.

இந்த நியாயத்துக்கு இப்போது ஒரு புதுக் கிளை முளைத்திருக்கிறது. வேகமாக ஓடும் சின்னக் கார் வைத்திருப்பவன் திருடனைத் தானே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறான் என்பதுதான் அது.

சின்னக் கார் என்று நான் சொல்வது, பின்னால் டிக்கி துருத்திக்கொண்டு நிற்காத, பின்கதவைத் தூக்கிச் சாமான் வைக்கிற 'ஹாட்ச்பேக்' ரகத்தை. இந்த ரகத்திலேயே வீட்டுக்கு அடக்கமான வண்டிகளும் உண்டு. டர்போ இன்ஜின் வைத்துச் சீறிப் பாயும் வண்டிகளும் உண்டு. 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ-20 என் லைன், 2024-ல் வந்த டாடா ஆல்ட்ரோஸ் ரேசர் எல்லாம் இரண்டாவது ஜாதி. பையன்களுக்கு அவற்றின் மேல் காதல், பெரியவர்களுக்குப் பயம்.

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி மாதிரி ஓர் ஊரில் இந்தப் பயத்துக்கு எவ்வளவு பலம் என்பதை அந்தப் பக்கத்தார் அறிவார்கள். பட்டாசு ஆலையிலும் ஆப்செட் அச்சகத்திலும் உழைத்துச் சேர்த்த பணமும், தீபாவளி போனஸும், பாங்குக் கடனும் சேர்ந்து குடும்பத்தின் முதல் கார் வாசலுக்கு வருகிறது. அது மூன்று பேருடைய பத்து வருஷ உழைப்பு. அது களவு போனால் போவது வெறும் இரும்பு அல்ல. ஆகவே டீக்கடையில் யாராவது, "அண்ணாச்சி, பையன் கேக்கிறான்னு வேகமான வண்டிய வாங்கிப் போட்டுராதீக. திருடன் கண்ணு அதுலதான் விழும். எல்லாரும் வாங்குற வண்டியப் பாத்து வாங்குங்க" என்று சொன்னால், அண்ணாச்சி உடனே தலையை ஆட்டிவிடுகிறார்.

பயம் நியாயமானது, ஆனால் அதிலிருந்து பிறந்த புத்திமதி தவறானது. தவறு மட்டும் அல்ல, ஆபத்தும்கூட. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எதிர்க் கட்சிக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். வேகமான சின்னக் கார்தான் திருட்டுக்கு இலக்கு என்ற எண்ணம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. அது இங்கிலாந்திலிருந்து வந்தது. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அங்கே வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., ஃபோர்டு எஸ்கார்ட்டின் வேக ரகங்கள் ஆகியவை இளவட்டத் திருடர்களுக்குப் பெரும் விருந்தாக இருந்தன. அவர்கள் வண்டியை விற்பதற்காகத் திருடவில்லை. இரவெல்லாம் ஓட்டித் தீர்த்து, விடிவதற்குள் எங்காவது இடித்து எறிவதற்காகத் திருடினார்கள். 1991-ல் ஆக்ஸ்போர்டு நகரத்துப் பிளாக்பேர்ட் லீஸ் குடியிருப்பில் இந்த விளையாட்டு கலகமாகவே வெடித்தது. மறு வருஷமே, 1992-ல், பார்லிமெண்ட் இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் அந்த வண்டிகளுக்குக் கட்டணத்தை விஷம்போல் ஏற்றின.

இன்னொரு சாட்சியையும் நானே கொண்டுவந்து நிறுத்துகிறேன். அமெரிக்காவில் 700 குதிரைத்திறனுக்கு மேல் கொண்ட டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட் என்ற கார், 2020 முதல் 2022 வரை வந்த மாடல்களில், சராசரிக் காரைப் போல் 60 மடங்குக்கு மேல் திருட்டுக் கோரிக்கைகளை உண்டாக்கிற்று என்று அந்நாட்டு இன்ஷ்யூரன்ஸ் ஆராய்ச்சி நிலையம் கணக்கெடுத்துச் சொன்னது. அது ஹாட்ச்பேக் அல்ல. ஆனாலும் வேகம் திருடனை ஈர்க்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

வேண்டாம். ஆனால் குறுக்கு விசாரணை உண்டு.

களவுக்கு இரண்டு காரியங்கள் கூடிவர வேண்டும். திருடினால் திருடனுக்கு ஒரு பிரயோஜனம் இருக்க வேண்டும். திருடுவதற்கு ஒரு சந்து இருக்க வேண்டும். வேகம் என்பது பிரயோஜனங்களில் ஒரு வகை, அவ்வளவுதான். ஓட்டி மகிழ்கிற திருடனுக்கு அது வேண்டும். உடைத்து விற்கிற திருடனுக்கு அதைக்கொண்டு ஆகப்போவது என்ன? சந்து இல்லாவிட்டால் இரண்டு பேருமே வெறுங்கையோடுதான் போக வேண்டும்.

இங்கிலாந்தில் பிறகு என்ன நடந்தது? வேகமான கார்களை யாரும் தடை செய்யவில்லை. அவை முன்னைவிட வேகமாகவே வந்தன. 1998 அக்டோபர் முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்களில் 'இம்மொபிலைசர்' கட்டாயம் ஆயிற்று. சரியான சாவியில் உள்ள மின்னணுக் குறியை அடையாளம் கண்டால் ஒழிய இன்ஜின் உயிர் பெறாதபடி தடுக்கும் பூட்டு அது. 1990-களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த கார்த் திருட்டு, அடுத்து வந்த வருஷங்களில் மளமளவென்று சரிந்தது. வேகம் கூடிற்று; களவு குறைந்தது. வேகம்தான் குற்றவாளி என்றால் இது எப்படி நடக்கும்?

இதைவிடத் தெளிவான பாடம் அமெரிக்காவில் கிடைத்தது. அங்கே கியா, ஹூண்டாய் கம்பெனிகள் 2021 வரையில் தங்கள் மலிவான மாடல்கள் பலவற்றை இந்தப் பூட்டு இல்லாமலே விற்றுவந்தன. அவை பந்தயக் குதிரைகள் அல்ல. ஆபீசுக்குப் போகிற குமாஸ்தாக்களின் சாதுவான வண்டிகள். மில்வாக்கி நகரத்துப் பையன்கள் ஒரு யு.எஸ்.பி. கம்பியின் முனையை வைத்தே அவற்றைக் கிளப்பிக்கொண்டு போகும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். அந்த வித்தை தேசம் முழுவதும் பரவிற்று. அதே கம்பெனிகளின் கார்கள் அடுத்த தேசமான கானடாவிலும் ஓடின. அங்கே 2007 முதலே இம்மொபிலைசர் சட்டப்படி கட்டாயம். ஆகவே மில்வாக்கி வித்தை அங்கே பலிக்கவில்லை. கம்பெனி ஒன்று, வேகம் ஒன்று. நடுவே ஒரு பூட்டு, அதுதான் வித்தியாசம்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 2024-ல் அக்கோ என்னும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி, தன்னிடம் வந்த திருட்டுக் கோரிக்கைகளை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மொத்தத்தில் சென்னையின் பங்கு 2022-ல் 5 சதவிகிதமாக இருந்து 2023-ல் 10.5 சதவிகிதம் ஆயிற்று என்று அதில் கண்டிருந்தது. அதிகம் களவு போன கார்களில் முன்னணியில் நின்றவை மாருதி வாகன் ஆரும் ஸ்விஃப்டும். வாகன் ஆர்! தாத்தா பாட்டியை வேட்டி சேலை கசங்காமல் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்வருவதற்கென்றே அவதாரம் எடுத்த வண்டி. அதை வேகத்துக்காகத் திருடினான் என்று எந்த மனிதனாவது சொல்வானா?

"அந்த வண்டிதான் ஊரெல்லாம் இருக்கிறது; அதனால் அதிகம் களவு போகிறது" என்று ஒரு புத்திசாலி எழுந்து நிற்பார். வாஸ்தவம். எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்ன அந்தக் காரணத்துக்குள்ளேயே விஷயம் அடங்கியிருக்கிறது. ஊரெல்லாம் இருக்கிற வண்டிக்குத்தான் ஊரெல்லாம் பழைய பாகம் தேவைப்படுகிறது. கதவு, பம்பர், விளக்கு, கியர்ப்பெட்டி எதைக் கழற்றினாலும் வாங்குவதற்கு ஆள் உண்டு. நம் ஊர்த் திருடன் ரசிகன் அல்ல, வியாபாரி. வியாபாரி எந்தச் சரக்கு போணியாகுமோ அதைத்தான் எடுப்பான்.

மஞ்சள் நிறத்தில் கறுப்புக் கோடு போட்டு, புகைக்குழாய் உறுமிக்கொண்டு வருகிற ஒரு வேகக் காரை அவன் எங்கே கொண்டுபோய் மறைப்பான்? எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசி போவதற்குள், "இது இன்னார் மகன் வண்டியல்லவா? ஓட்டுகிறவன் யார்?" என்று பத்துப் பேர் கேட்டுவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரைத் திருடிக்கொண்டு போனால் எப்படியோ அப்படித்தான். வெள்ளை ஸ்விஃப்டோ நூற்றோடு நூற்றொன்று. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "எல்லாரும் வாங்குற வண்டியப் பாத்து வாங்குங்க" என்ற டீக்கடைப் புத்திமதி அண்ணாச்சியை எங்கே கொண்டுபோய் விடுகிறது, பார்த்தீர்களா?

பட்டாசுத் தொழில் நடக்கிற சீமைக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. அதிகச் சத்தம் போடுகிற வெடிதான் ஆலையை எரிக்கிறது என்று அங்கே யாராவது சொல்வார்களா? மருந்து கலக்கிற இடத்தில் ஓர் உராய்வு, அனுமதித்ததற்கு மேல் நாலு ஆள், வெயிலில் காய்கிற சரக்கு, கவனிக்காத மேஸ்திரி. ஆபத்து இவற்றில் இருக்கிறது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். வெடியின் சத்தத்தை வைத்து ஆபத்தை அளக்காதவர்கள், காரின் சத்தத்தை வைத்து மட்டும் ஏன் அளக்க வேண்டும்?

இந்தத் தப்புக் கணக்கு ஆபத்தானது என்று சொன்னேன் அல்லவா? சாதுவான வண்டி வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் மனிதன் உண்மையான ஜாக்கிரதையைக் கைவிட்டுவிடுகிறான். டீ குடிக்க இறங்கும்போது சாவியை வண்டியிலேயே விட்டு இறங்குகிறான். இரண்டாவது சாவி எங்கே என்று அவனுக்கே தெரியாது. வண்டியைப் பாதுகாக்க உரிமையாளர் நியாயமான அக்கறை எடுக்க வேண்டும் என்பது பாலிசியில் அச்சடித்த நிபந்தனை. களவு போனபின் கம்பெனிக்காரர் முதலில் கேட்பது, "இரண்டு சாவியையும் கொடுங்கள்" என்பதுதான்.

பழைய வண்டி வாங்கினவன் கதை இன்னும் மோசம். ஆர்.சி. புத்தகமும் பாலிசியும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கும். "மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்" என்பான். வண்டி எதிரே வருகிறவன் மேல் மோதினால் அவனுக்குரிய பாதுகாப்பு சட்டப்படி கைமாறிவிடும். ஆனால் வண்டியே களவு போனால், அந்தப் பாதுகாப்பு தானாகக் கைமாறாது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாதவன் கையில் கடன் மட்டுமே மிஞ்சும்.

களவு போனால் உடனே போலீஸ் ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. நாலு நாள் தேடிப் பார்த்துவிட்டு, ஜோசியரையும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். போலீசில் உடனே புகார் கொடுத்துவிட்டால், கம்பெனிக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். புகாரையே தாமதித்தவனுக்கு அந்தத் தீர்ப்பின் நிழல் கிடைக்காது.

இன்ஷ்யூரன்ஸ்காரர்களையும் சும்மா விடுவதற்கில்லை. 2002-ம் வருஷத்து மோட்டார் கட்டண நூல், இன்ஜின் அளவு, வண்டியின் மதிப்பு, வயது, ஊர் ஆகியவற்றைக் கொண்டு கட்டணத்தை வகுத்தது. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தியவனுக்கு அது காட்டிய சலுகை என்ன தெரியுமா? இரண்டரை சதவிகிதம், அதுவும் 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது! களவைத் தடுக்கிற ஒரே காரியத்துக்கு ஒரு வேளைக் குடும்பச் சாப்பாட்டின் விலை. இப்படி இருந்தால் பூட்டுக்குப் பணம் செலவழிக்க எவன் முன்வருவான்?

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2021-ல் பழைய வாகனங்களை உடைப்பதற்குப் பதிவு பெற்ற நிலையங்கள் வேண்டும் என்றும், வருகிற வண்டி களவு வண்டியா என்று பார்க்க வேண்டும் என்றும் மத்திய அரசு விதி செய்தது. நல்ல விதி. ஆனால் முழு வண்டிக்குக் கேட்கிற கேள்வியைக் கழற்றிய கதவுக்கும் கியர்ப்பெட்டிக்கும் கேட்க வேண்டாமா? "இது எந்த வண்டியிலிருந்து வந்தது?" என்று வாங்குகிற நாமும் கேட்க வேண்டாமா? பாதி விலைக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வருகிறவன், அடுத்த வாசலில் நிற்கிற வண்டிக்கு விலை பேசிவிட்டு வருகிறான் என்பதை உணர வேண்டும்.

வேகமான கார் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. நம் சாலைகள் இருக்கின்றன. பெட்ரோல் விலை இருக்கிறது. பையனின் உயிர் இருக்கிறது. அவற்றைச் சொல்லட்டும், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன். திருடனின் பெயரால் மட்டும் தடுக்க வேண்டாம். உழைத்துச் சம்பாதித்த மனிதன் தனக்குப் பிடித்த வண்டியை வாங்கி வாசலில் நிறுத்துவது குற்றம் அல்ல. அதைக் கிளப்பிக்கொண்டு போகிறவன் செய்வதுதான் குற்றம்.