கையொப்பம் மட்டும் இருக்கிறது

ஒவ்வொரு முறையும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகிச் சில நாட்களுக்குள் பத்திரிகைகளில் ஓர் ஆசிரிய தலையங்கம் வந்துவிடும். நமது இளைஞர்கள் கையில் அழுக்குப் படாத உத்தியோகத்தையே நாடுகிறார்கள். தொழிற்சாலைகளோ தேர்ந்த தொழிலாளர் கிடைக்காமல் தவிக்கின்றன. இதுவே அதன் சாரம். இத்தகைய தலையங்கங்களை நானும் எழுதியிருக்கிறேன். எத்தனை என்று எண்ணிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. பேராதனையில் கலைப் பட்டம் பெற்று, ஓர் அரத்தைக்கூடக் கையில் எடுத்தறியாத ஒருவன், தன் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, ஊரார் பிள்ளைகளைப் பட்டறைக்குப் போகச் சொல்லி எழுதியவை அவை.

அவை அனைத்தையும் இப்போது திரும்பப் பெறுகிறேன். யட்டவத்த பகுதியில் நான் வாசிக்க நேர்ந்த ஒரு தினக்குறிப்பேடே அதற்குக் காரணம்.

மாத்தளை நகருக்கு மேற்கே, றப்பரும் மிளகும் தேயிலையும் கலந்து வளரும் மலைச்சரிவு அது. உறவினர் வீட்டு மரணச் சடங்கு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். தோட்ட லயத்து இளைஞர் ஒருவர் ஒரு கோவையை எடுத்துவந்து, "ஐயா பேப்பர்ல எழுதுறவருதானே, இத வெச்சு வேலைக்கு ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். கொழும்பை அண்டிய தொழிற்சாலை ஒன்றில் அவர் இயந்திரப் பொருத்துநர் பயிலுனராக இருந்த காலத்துக் குறிப்பேடும் அதற்குள் இருந்தது.

அறியாதோருக்காகச் சொல்கிறேன். பயிலுனர் அன்றன்று செய்த வேலையை அதில் எழுத வேண்டும். வேண்டிய இடத்தில் படம் வரைய வேண்டும். மேற்பார்வையாளர் வாசித்துத் திருத்திக் கையொப்பமிட வேண்டும். பயிற்சி ஒழுங்காக நடந்தது என்பதற்கு அதைவிட நெருக்கமான சாட்சி இல்லை.

முதல் மாதப் பக்கங்கள் தமிழில் இருந்தன. நல்ல கையெழுத்து. தண்டு ஒன்றிலிருந்து பெயாரிங் கழற்றப்படுவதைப் பார்த்துப் பென்சிலால் வரைந்த படமொன்றும் இருந்தது. அதன் கீழே ஒரு கேள்வி: உள்வளையம் தண்டில் இறுகியிருக்கும்போது வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் இடையிலுள்ள குண்டுகள் பழுதாகாதா? கேள்விக்குக் கீழே பதில் இல்லை. மேற்பார்வையாளரின் கையொப்பம் இருக்கிறது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

இரண்டாம் மாதத்திலிருந்து குறிப்பேடு சிங்களத்துக்கு மாறிவிடுகிறது. "சிங்களத்துல எழுதச் சொன்னாங்க ஐயா. பக்கத்துல இருந்த பையனோட கொப்பியப் பாத்து எழுதினேன்" என்றார். அந்தப் பையனும் தனக்கு முன்பு வந்துபோனவரின் கொப்பியைப் பார்த்து எழுதியவனாம். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். இயந்திரம் துப்புரவு செய்யப்பட்டது, பொருத்துநருக்கு உதவி செய்யப்பட்டது. வாரந்தோறும் இதே வாக்கியம். வாரந்தோறும் அதே கையொப்பம்.

அவர் உண்மையில் செய்தவை வேறு. இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளினார். லொறியில் பெட்டி ஏற்றினார். தேநீர் வாங்கி வந்தார். ஆள் வராத நாட்களில் அழுத்து இயந்திரத்தின் முன் நின்று ஒரே வடிவத் துண்டை ஆயிரக்கணக்கில் வெட்டினார். கடைசல் இயந்திரத்தில் ஒரு புரி வெட்டிப் பார்த்ததில்லை. மைக்குறோமீற்றரைக் கண்ணாடி அலுமாரிக்குள் பார்த்திருக்கிறார். அந்தத் தொழிற்சாலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒன்றைப் பெயரிட்டால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

சட்டத்துக்குக் குறைவா? படித்தும் வேலையற்றிருந்த கிராமத்து இளைஞர் கிளர்ந்தெழுந்த 1971 ஆம் ஆண்டிலேயே 49 ஆம் இலக்கத் தேசிய பயிலுனர் சட்டம் வந்தது. பிறகு 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை உருவாக்கப்பட்டது. அதன் பின்னர் தேசிய தொழிற்தகைமை மட்டங்கள் வகுக்கப்பட்டன. ஒப்பந்தம், பாடத்திட்டம், குறிப்பேடு, பரீட்சை என்று காகிதத்தில் எல்லாம் உண்டு. இல்லாதவர் ஒருவர்தான்: கற்பிப்பவர்.

நமது பட்டறைகளில் தேர்ந்த தொழிலாளியைப் 'பாஸ்' என்கிறோம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அவருடைய கையாளைச் சிங்களத்தில் 'கோலயா' என்பார்கள். சீடன் என்று பொருள். அந்தப் பழைய உறவில் அடியும் ஏச்சும் சுரண்டலும் தாராளமாக இருந்தன. அதைப் பொற்காலம் என்று சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் கையாள் வேலை பழகினால் பாஸுக்கு லாபம் இருந்தது, ஏனெனில் பட்டறை அவருடையது. தொழிற்சாலையில் பாஸ் ஒரு சம்பளக்காரர். நாளொன்றுக்கு இத்தனை துண்டு என்பது அவருக்கு விதிக்கப்பட்ட கணக்கு. பையனுக்குப் புரி வெட்டக் காட்டிக்கொடுக்க அரைமணி நேரம் செலவிட்டால் அது அவருடைய ஊக்கத்தொகையில் குறையும். பையன் வெட்டும் முனையை உடைத்துவிட்டால் ஏச்சும் அவருக்கே. அவர் எதற்காகக் கற்பிக்க வேண்டும்? முகாமையாளரைத் திட்டுவதற்கு முன் இந்த எளிய கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியை எடுத்ததற்கெல்லாம் உதாரணம் காட்டுவது நமது அமைச்சர்களுக்குப் பழக்கம். 1969 இல் அங்கே இயற்றப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டத்தை அவர்கள் புரட்டிப் பார்த்ததுண்டோ தெரியாது. பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும் வேலையை மட்டுமே பயிலுனருக்குக் கொடுக்கலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. பயிற்றுவிப்பவர் ஆளாகவும் தொழிலிலும் அதற்குத் தகுதியுடையவராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் அங்கிருந்து இயந்திரத்தை இறக்குமதி செய்தோம். இந்த இரண்டு விதிகளையும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம் போலும்.

இதற்கு முதலாளிமார் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "பழக்கிவிட்டால் கொரியாவுக்குப் போய்விடுகிறான்." போகிறார்கள்தான். 2004 முதல் கொரிய வேலைவாய்ப்பு அனுமதித் திட்டம் இருக்கிறது. அதற்கு முன்பே வளைகுடா இருந்தது. ஆனால் பழக்காதவனும் போகிறான் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. என் கையில் குறிப்பேட்டைத் தந்த இளைஞரும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருந்தார். பொருத்துநராகப் போகவில்லை, கூலியாளாகப் போகிறார். சிறிய நிறுவனங்களால் பயிற்சிச் செலவைத் தாங்க முடியாது என்பது ஓரளவு நியாயமான வாதம். அப்படியானால் பயிலுனர்களை ஏன் கேட்டு வாங்குகிறீர்கள்? குறைந்த கொடுப்பனவில் கூட்டவும் அள்ளவும் ஆள் வேண்டும் என்றால், அதற்குரிய கூலியைக் கொடுத்து ஆள் எடுங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. கற்பிக்கும் பாஸுக்கு அதற்கென்று தனியாகப் பணம் கொடுங்கள். அந்த நேரத்தை அவருடைய உற்பத்திக் கணக்கிலிருந்து கழியுங்கள். குறிப்பேட்டைத் தமிழில் எழுதும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை நியமியுங்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. பரிசோதகர் தொழிற்சாலைக்கு வந்தால் கையொப்பங்களை எண்ணாமல், பையனிடம் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து அளந்து சொல்லச் சொல்லட்டும். இவை நடக்கும்வரை, இளைஞர்கள் பட்டறையை வெறுக்கிறார்கள் என்று எழுதுவதற்கு என் சகபாடிகள் எவருக்கும் உரிமை இல்லை.

கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் மாத்தளை நகரில் வாகனம் திருத்துமிடம் வைத்திருக்கும் ஒருவரிடம் அந்தப் பெயாரிங் கேள்வியைக் கேட்டேன். கையிலிருந்த சாவியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "பழுதாகும் ஐயா. உள்வளையத்தத்தான் பிடிக்கணும்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.